ஸ்டெப்னி இருந்தது, ஜாக்கி இல்லை

1

மந்தைவெளியில் என் அம்மாவைக் கேட்டால், மகன் ஷார்ஜாவில் ஏரோப்ளேன் ஓட்டுகிறான் என்பார். மயிலாப்பூரில் கீரை விற்கும் அம்மாளிடம்கூட அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார். தி. நகரில் இருக்கும் என் மச்சினரைக் கேட்டால், "அங்க பெரிய மெக்கானிக் ஷெட்டுங்க, ஸ்பேனர் பிடிக்கிறார்" என்பார். நான் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறேன். விமானம் தரையிறங்கியதும் அதைச் சுற்றி வந்து பார்த்து, கோளாறு இருந்தால் சரிசெய்து, இது பறக்கலாம் என்று கையெழுத்துப் போடும் பொறியாளர் வேலை. ஓட்டத் தெரியாது. காரைக்கூட என்னைவிட என் மனைவிதான் நன்றாக ஓட்டுவாள்.

ஊரைவிட்டு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. வந்த இடத்தில் பெயரும் மாறிப்போனது. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள், அப்பா பெயரை எழுதினேன். இங்கே அதையே என் பெயராக்கிவிட்டார்கள். சுந்தர் என்று கூப்பிட ஷார்ஜாவில் என் மனைவியைத் தவிர ஆளில்லை, மற்ற எல்லோருக்கும் நான் மிஸ்டர் ஏகாம்பரம். அப்பா பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர், வாழ்ந்த காலத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது வயர்லெஸ்ஸில் தினமும், "ஏகாம்பரம், எங்கே போய்த் தொலைந்தாய்?" என்று யாராவது விரட்டுகிறார்கள். மேலே இருந்து கேட்டுக்கொண்டிருந்தால் மனிதர் நொந்துபோயிருப்பார்.

வழக்கமாக ஊருக்கு எழுதும்போது வெயில், வாடகை, இங்கே கிடைக்காத கத்திரிக்காய் என்று எழுதித் தப்பித்துவிடுவேன். இந்த முறை அப்படி முடியவில்லை. போன வாரம் ஒரு விமானத்துக்கு டயர் பஞ்சரானது. விஷயம் அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு என் மகளோடு சாதாரணமாகப் பேச எனக்குச் சில நாட்கள் பிடித்தது.

2

எங்கள் கரையிலிருந்து கடலைத் தாண்டினால் ஈரான். அந்த நாட்டின்மேல் பொருளாதாரத் தடை இருப்பதை நீங்கள் செய்தியில் படித்திருப்பீர்கள். எண்ணெய், வங்கி, அணுகுண்டு என்று பெரிய வார்த்தைகளாக வரும். நான் அதைப் பார்ப்பது விமானத்தின் வயிற்றுக்குக் கீழே நின்றுகொண்டு. அங்கிருந்து பார்த்தால் அது வேறு மாதிரி இருக்கிறது.

அவர்களுக்குப் புது விமானம் விற்க மாட்டார்கள். பழைய விமானத்துக்கு உதிரிபாகமும் விற்க மாட்டார்கள். விமானத்தில் ஒரு ரப்பர் வளையத்துக்குக்கூடச் சான்றிதழ் உண்டு. எந்தத் தொழிற்சாலையில் செய்தது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று எல்லாம் எழுதியிருக்கும். சான்றிதழ் இல்லாவிட்டால் அது வெறும் ரப்பர். ஆகவே அவர்கள் ஒரு விமானத்தை ஓரமாக நிறுத்திவிட்டு, அதிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டுகிறார்கள். நம் புதுப்பேட்டையில் பழைய காரைப் பிரித்துப் போட்டிருப்பார்களே, அதேபோல. சில ஊர்களில் அவர்களுக்கு எரிபொருள் நிரப்பக்கூடப் பயப்படுகிறார்கள். அதனால் திரும்பி வருவதற்கான எண்ணெயையும் வீட்டிலிருந்தே சுமந்துகொண்டு, அந்தப் பாரத்துக்கு ஈடாகப் பயணிகளைக் குறைத்துக்கொண்டு பறக்கிறார்கள். இதில் எந்த மந்திரிக்கு என்ன நஷ்டம் என்று எனக்குத் தெரியாது. அந்த விமானங்களில் வருகிறவர்கள் ஷார்ஜாவில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்க வரும் தாய்மார்கள், துணி வாங்கிப்போய் விற்கும் சின்ன வியாபாரிகள்.

எங்கள் நிறுவனத்தில் ஒரு சுற்றறிக்கை உண்டு. அந்த விமானங்களுக்கு ஸ்க்ரூ, எண்ணெய், கருவி, ஆலோசனை எதுவும் தரக் கூடாது. ஆலோசனையும் கூடாது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மீறினால் எங்கள் நிறுவனமே தடைக்குள் போய்விடும், பிறகு எங்களுக்கும் யாரும் எதையும் விற்க மாட்டார்கள், நூற்றுக்கணக்கான குடும்பங்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான். எங்கள் மேலாளர் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லும்போது அவர் எங்கள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

யாரும் தொட மாட்டார்கள் என்பதால் அவர்கள் தங்கள் பொறியாளரை விமானத்திலேயே ஏற்றி அனுப்புகிறார்கள். வாரத்தில் இரண்டு நாள் ஷிராஸ் நகரத்திலிருந்து வரும் விமானத்தில் அப்படி வருகிறவர் ஃபர்ஹாத். என் வயதுதான் இருக்கும். வழுக்கைத் தலை, அடர்ந்த மீசை. கருவிப் பெட்டியும் ஒரு மாற்றுச் சக்கரமும் சரக்கு அறையில் அவரோடு பயணம் செய்யும். வந்து இறங்குவார், விமானத்தைச் சுற்றிப் பார்ப்பார், கையெழுத்துப் போடுவார், அதிலேயே ஏறித் திரும்பிப் போவார்.

அவரும் நானும் பல வருடங்களாகச் சேர்ந்து தேநீர் குடிக்கிறோம். தேநீர் சுற்றறிக்கையில் இல்லை. பேசுவது இலக்கணமில்லாத ஆங்கிலம், அதை இங்கே நான் தமிழாக்கித் தருகிறேன். பஞ்சருக்கு மட்டும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை, அவர்கள் மொழியிலும் அது பஞ்சர்தான். ஏகாம்பரம் அவர் வாயில் நுழையாததால் ஏகா என்று கூப்பிடுவார். போன மாதத்திலிருந்து அவருக்கு ஒரே பேச்சு, இளைய மகள் கல்யாணம். மண்டபம், சாப்பாடு, மாப்பிள்ளையின் அம்மா கேட்கும் கேள்விகள். பெண்ணைப் பெற்றவன் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் புலம்புகிறான்.

3

எங்கள் ஃபிளாட்டிலும் ஒரு பொருளாதாரத் தடை நடந்திருக்கிறது.

சென்னையில் குழாய்கள் வெறும் காற்றை ஊதிக்கொண்டிருந்த ஒரு கோடை. மந்தைவெளிக் குடியிருப்பில் லாரித் தண்ணீரை நம்பித்தான் எல்லோரும் குளித்தோம். இரண்டாம் மாடியில் இருந்த ஒரு பெரியவர் தன் காரைச் சரியாக லாரி வந்து நிற்கும் இடத்தில்தான் நிறுத்துவார். எடுக்கச் சொன்னால் எடுக்க மாட்டார். ஒருநாள் லாரிக்காரன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தண்ணீர் இறக்காமலே போய்விட்டான். அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் அசோசியேஷன் கூடியது. அவர் வீட்டுக்குப் போகும் வால்வை மூடுவது, மற்றவர்களும் ஒரு குடம் தண்ணீர் தரக் கூடாது என்று தீர்மானம். முதலில் கை தூக்கியவர் என் அம்மா.

பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அடையாறில் இருந்த தங்கை வீட்டுக்குப் போய்க் குளித்து, பவுடர் போட்டுக்கொண்டு ஜம்மென்று வந்தார். மாட்டிக்கொண்டது அவர் மருமகள். கைக்குழந்தைக்காரி. அழுக்குத் துணி மூட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் பால்கனியில் நிற்பாள். காரைப் பற்றி மாமனாரிடம் ஒரு வார்த்தை பேசும் உரிமை அவளுக்கு இல்லை என்பது அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

நம் பக்கம் உப்பைக் கையில் கொடுக்க மாட்டோம். கையில் கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள். கிண்ணத்தைக் கீழே வைப்போம், வேண்டியவர் எடுத்துக்கொள்வார். அம்மா அந்த வழக்கத்தைத் தண்ணீருக்கு நீட்டினார். மூன்றாம் நாள் காலையில் இரண்டு பக்கெட் நிறையத் தண்ணீரை இரண்டாம் மாடிப் படிக்கட்டுத் திருப்பத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு இறங்கி வந்தார். செயலாளர் பார்த்துவிட்டார்.

"என்னம்மா இது, தலைமையாசிரியர் வீட்டுலயே இப்படிப் பண்ணலாமா? தீர்மானத்துல கை தூக்கினது நீங்கதானே."

"நான் எங்க குடுத்தேன்? கை வலிச்சுது, வச்சேன். அவ எடுத்துக்கிட்டா அதுக்கு நான் என்ன பண்றது?"

"வேணும்னே வச்சிருக்கீங்க."

"படிக்கட்டு எல்லாருக்கும் பொதுதானே சார். உங்க பக்கெட்டையும் வைங்க, யாரு வேணாங்கறா."

அவர் வைக்கவில்லை, அவர் மனைவி வைத்தார். அந்த வாரத்துக்குள் படிக்கட்டில் கால் வைக்க இடமில்லை, வீட்டுக்கொரு பக்கெட். தீர்மானத்தை யாரும் ரத்து செய்யவில்லை. பெரியவர் கடைசிவரை மன்னிப்பும் கேட்கவில்லை. மழை வந்ததும் எல்லோரும் அதை மறந்தார்கள். அம்மாவின் அந்தச் சட்ட அறிவை நான் இன்றைக்கும் ரசிக்கிறேன். எந்த வக்கீலும் கிட்டே நிற்க முடியாது.

4

என் மகள் கயல் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், ஆனால் வாக்கியத்தைத் தமிழில் தொடங்கினால் ஆங்கிலத்தில்தான் போய் இறங்குவாள். விடுமுறைக்குச் சென்னை போனால் ரங்கநாதன் தெருவில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். பாண்டி பஜாரில் பேரம் பேசினால் வெட்கப்பட்டு வேறு பக்கம் பார்ப்பாள். அவளைச் சொல்லி என்ன, நானே போன முறை மயிலாப்பூரில் ஆட்டோவை நிறுத்தச் சொல்ல, இங்கத்தியப் பழக்கத்தில், போதும் என்பதற்கு அரபியில் "கல்லாஸ்" என்றுவிட்டேன். டிரைவர் திரும்பிப் பார்த்து, "இன்னா சார் கல்லாசு? வண்டி நல்லாத்தான கீது" என்றார். கயல் அதை ஒரு வருடமாகச் சொல்லிச் சிரிக்கிறாள்.

அவள் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள். பணம் அனுப்புகிறவர், வாங்குகிறவர் பெயர்களைத் தடைப்பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பிரிவு. அங்கே சேருவதற்கு முன்னால் குடும்பத்தில் எல்லோரையும் விசாரித்தார்கள், அப்பா என்ன வேலை செய்கிறார், யாரோடு பழகுகிறார் என்றெல்லாம். நம் ஊர் போலீஸ் பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க வருவதெல்லாம் இதன்முன் விளையாட்டு.

இந்தப் பட்டியலால் எங்கள் சிராஜும் படாதபாடு படுகிறான். சிராஜ் ராயப்பேட்டைக்காரன், எங்கள் நிறுவனத்தில் கருவிகளை இழுத்துப்போகும் டிராக்டர் ஓட்டுகிறான். அவன் முழுப்பெயரும் பட்டியலில் இருக்கும் யாரோ ஒருவன் பெயரும் ஒன்று. ஒவ்வொரு மாதமும் அவன் வீட்டுக்கு அனுப்பும் சம்பளம் நடுவழியில் நின்றுவிடும். தான் அந்த ஆள் இல்லை என்று அவன் நிரூபித்தபிறகுதான் நகரும். மறுமாதம் மறுபடியும் நிரூபிக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு ஒருமுறை பிரியாணி கொண்டுவந்தபோது கயலிடம் நேராகவே கேட்டான்.

"பாப்பா, அந்த ஆளு எங்க கீறான்னு மட்டும் சொல்லு. நானே போய், நைனா பேரை மாத்திக்கோன்னு கால்ல வுழுறேன்."

"அங்கிள், அது பர்சனல் இல்ல. சிஸ்டம் நேமை மட்டும்தான் பாக்கும்."

"அத்த தான் நானும் சொல்றேன். ஆளைப் பாக்க சொல்லு."

அவள் சிரித்தாள். தன் வேலையைப் பற்றி அவளுக்குச் சந்தேகம் எதுவும் கிடையாது. போருக்குப் பதிலாகத்தான் தடை, குண்டு போடுவதைவிட இது எவ்வளவோ மேல் என்பாள். அதை என்னால் மறுக்க முடிந்ததில்லை. ஆனால் வீட்டில் இதைப் பேச ஆரம்பித்தால் எங்கள் இருவர் குரலும் உயர்ந்துவிடும். அதனால் பேச்சைச் சாம்பாருக்குத் திருப்பிவிடுவோம்.

5

போன வாரம் அந்த விமானம் காலையில் வந்தது. ஃபர்ஹாத் காதோரத்தில் மிச்சமிருந்த முடியைப் புதிதாக வெட்டி, மீசைக்கு மை போட்டிருந்தார். அன்று சாயங்காலம் ஷிராஸில் மகளுக்குக் கல்யாணம். லீவு கேட்டிருக்கிறார், மாற்று ஆள் இல்லை. ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடும் விமானம்தானே, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம் என்று கிளம்பி வந்துவிட்டார்.

நான் பக்கத்து நிறுத்தத்தில் வேறொரு விமானத்தில் இருந்தேன். அவர் குனிந்து பின்சக்கரத்தைப் பார்ப்பதும், மறுபடி குனிவதும், பிறகு அப்படியே தரையில் உட்காருவதும் தெரிந்தது. போய்ப் பார்த்தேன். ஓடுதளத்தில் கிடந்த ஏதோ தகடு டயரைக் கிழித்திருந்தது. உள்ளே நூல் தெரிந்தது. அப்படியே கிளம்பினால் வேகமெடுக்கும்போது வெடிக்கும். அதைச் சொல்லப் பொறியாளர் தேவையில்லை, சைக்கிள் ஓட்டியவர்களுக்கே தெரியும்.

மாற்றுச் சக்கரம் அவரிடம் இருந்தது. ஜாக்கி இல்லை. அவர்களுடைய ஜாக்கி ஒன்று விமான நிலைய மூலையில் இருந்ததுதான். அதன் உள்ளே ஒரு ரப்பர் சீல் போய், எண்ணெய் ஒழுகி, அதைச் சரிசெய்ய யாரும் முன்வராமல் கிடக்கிறது. அதற்கும் தடை. எங்கள் கொட்டகையில் ஜாக்கிகள் வரிசையாக நிற்கின்றன. அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தால் தெரியும்.

மேலாளரிடம் போய்க் கேட்டேன். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவரிடம் நான் எதையும் அப்படிக் கேட்டதில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏகாம்பரம், எனக்கு இந்தக் கேள்வி கேட்கவே இல்லை. நீயும் கேட்கவில்லை."

ஃபர்ஹாத் தன் அலுவலகத்தோடு பேசினார். மறுநாள் காலை வேறு ஊரிலிருந்து வரும் விமானத்தில் ஜாக்கி அனுப்புகிறோம் என்றார்கள். அன்றைக்கு ஷிராஸுக்கு வேறு விமானம் கிடையாது. அவர் போனை மடியில் வைத்துக்கொண்டார். இருபது நிமிட வேலை. அதை நான் தூக்கத்தில்கூடச் செய்வேன்.

கொட்டகையில் சிராஜ் என்னைப் பார்த்ததும் டிராக்டரிலிருந்து இறங்கி வந்தான். அவனுக்கும் கல்யாண விஷயம் தெரியும்.

"இன்னா சார், ஒண்ணியும் பண்ண முடியாதா?"

அப்போதுதான் எனக்கு மந்தைவெளிப் படிக்கட்டு ஞாபகம் வந்தது. அம்மாவின் கதையை இரண்டு வரியில் சொன்னேன். கையில் கொடுத்தால்தானே கொடுத்தது. சிராஜுக்கு மேலே விளக்க வேண்டியிருக்கவில்லை. ஜாக்கியை டிராக்டருக்குப் பின்னால் மாட்டினான். வேறொரு நிறுத்தத்துக்குப் போகிற மாதிரி கிளம்பி, ஃபர்ஹாத்தின் விமானத்துக்குப் பக்கத்தில் வந்ததும் வண்டியை அணைத்துவிட்டான்.

"வண்டி நின்னுட்ச்சி சார். ஜாக்கிய அவுத்து வுட்டுட்டு, மெக்கானிக்க இட்டாரப் போறேன்," என்று வயர்லெஸ்ஸில் உரக்கச் சொல்லிவிட்டு நடந்தான். நானும் எதையோ தேடுகிறவனாகக் கொட்டகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் மனைவியையும் வீட்டு வாடகையையும் நினைத்தேன் என்று எழுதினால் பொய். சந்தோஷமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் மதில் ஏறிக் குதித்தபோது இருந்த சந்தோஷம்.

கொஞ்சம் பொறுத்துத் திரும்பிப் பார்த்தேன். ஜாக்கி வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. ஃபர்ஹாத் அதற்குப் பக்கத்தில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். என்னைத் தலையசைத்துக் கூப்பிட்டார்.

"இதை எடுத்துப் போகச் சொல், ஏகா."

"நான் கொடுக்கவில்லை. வண்டி பழுது. இங்கே நிற்கிறது."

"மேலே பார்." விளக்குக் கம்பத்தில் கேமரா இருந்தது. "நான் இதன்மேல் கைவைத்தால் படத்தில் என் கையும் ஜாக்கியில் எழுதியிருக்கும் உங்கள் நிறுவனத்தின் பெயரும் சேர்ந்து தெரியும். எனக்கு ஒன்றும் ஆகாது. எனக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் ஏற்கெனவே செய்துவிட்டார்கள்."

"யாரும் பார்க்க மாட்டார்கள். உன் பெண்ணுக்குக் கல்யாணம்."

"உன் பெண் எந்த வேலையில் இருக்கிறாள் என்று நீதான் சொன்னாய். அவள் தினமும் பார்க்கிற பெயர்களில் ஒருநாள் அவள் அப்பா பெயர் வர வேண்டுமா?" அவர் குரல் உயரவே இல்லை. "என் பெண் கொஞ்ச நேரம் அழுவாள். பிறகு சரியாகிவிடும். எடுத்துப் போகச் சொல்."

அவர் விமானத்தின் அந்தப் பக்கம் போய்விட்டார். சிராஜ் வந்து, நின்றுபோன வண்டியைக் கிளப்பி ஜாக்கியை இழுத்துக்கொண்டு போனான்.

6

அந்த விமானத்தில் ஷிராஸ் திரும்ப வேண்டிய பயணிகள் செக்கின் கூடத்தில் பெட்டிகள்மேல் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைகள் அழுதன. விமான நிறுவனம் சாப்பாடு தர வேண்டும், அதன் ஆளிடம் ரொக்கம் இல்லை. அவர்கள் நாட்டு வங்கி அட்டை எல்லைக்கு வெளியே எங்கேயும் செல்லாது. பயணிகளும் கையிலிருந்ததைத் துணிக்கும் பொம்மைக்கும் செலவழித்துவிட்டுக் கிளம்பியவர்கள்.

வீட்டுக்குப் போன் செய்தபோது, அன்று விடுமுறையில் இருந்த கயல் எடுத்தாள். டயர் கிழிந்ததையும், ஜாக்கி தர முடியாததையும், கல்யாணத்தையும் சொன்னேன். ஜாக்கி போய்த் திரும்பிய கதையைச் சொல்லவில்லை. பேச்சுவாக்கில், எல்லோரும் பசியோடு இருக்கிறார்கள், அதையும் வேடிக்கைதான் பார்க்க வேண்டும்போல என்று கசப்பாகச் சொன்னேன்.

"அப்பா, சாப்பாடுக்குத் தடை கிடையாது."

"என்ன?"

"ஃபுட், மெடிசின் ரெண்டும் விலக்கு. ரூல்லயே இருக்கு. எத்தனை பேரு?"

அடுத்த ஒரு மணி நேரத்தில் ரோலா கடைத்தெருவில் இருக்கும் நம் ஊர் மெஸ்ஸிலிருந்து எலுமிச்சைச் சாதப் பொட்டலங்களும் ஒரு அண்டா கேசரியும் அவள் காரில் வந்து இறங்கின. சிராஜ் ஷிப்ட் முடித்து வந்து தூக்கினான். கயல் வரிசையில் நின்றிருந்த கிழவிகளுக்குக் குனிந்து குனிந்து கொடுத்தாள். எலுமிச்சைச் சாதத்தில் இருந்த கறிவேப்பிலையை என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவர் மூக்கில் வைத்து முகர்ந்து பார்த்தார். கயல் அவருக்குச் சைகையிலேயே விளக்கினாள்.

ஃபர்ஹாத் குடியேற்றச் சோதனை முடித்து அங்கே வந்தபோது சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. விமானிகள் ஹோட்டல் பேருந்தில் ஏறிப் போய்விட்டார்கள். அவர் போகவில்லை, தாமதத்துக்குப் பயணிகளிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வந்திருந்தார். கேட்டு முடித்தபிறகு கயலிடம் வந்து, அறிமுகமெல்லாம் இல்லாமல் கேட்டார்.

"நீதான் பட்டியல் பார்க்கும் பெண்ணா? என் பெயர் அதில் இருக்கிறதா?"

அவள் முகம் மாறியது. "மதியமே பார்த்தேன் அங்கிள். நீங்க இல்ல. உங்க பிளேன் இருக்கு, சீரியல் நம்பரோட."

"பாவம், அதற்கு வாய் இல்லை," என்று சொல்லிவிட்டுக் கேசரியை வாங்கிக்கொண்டார்.

அவர் போன் ஒலித்தது. ஷிராஸில் கல்யாணம் ஆரம்பித்திருந்தது. படம் நின்று நின்று வந்தது. வெள்ளை உடையில் பெண், எதிரே கண்ணாடி, மெழுகுவர்த்திகள், தலைக்குமேல் பெண்கள் பிடித்த துணி. பக்கத்தில் இருந்த பயணிகள் ஒவ்வொருவராக எழுந்து வந்து அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்கள் வழக்கத்தில் பெண்ணிடம் மூன்று முறை சம்மதம் கேட்பார்களாம். முதல் முறை கேட்டதும் பெண் பேசவில்லை. போனுக்குள் இருந்த பெண்களோடு சேர்ந்து கூடத்தில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த கிழவிகளும் ஒரே குரலில் ஏதோ சொன்னார்கள்.

"பெண் பூப்பறிக்கப் போயிருக்கிறாள் என்கிறார்கள்," என்று ஃபர்ஹாத் கயலுக்குச் சொன்னார்.

இரண்டாம் முறை கேட்டார்கள். பெண் பன்னீர் கொண்டுவரப் போயிருக்கிறாள் என்று கூடமே சொன்னது. பாதுகாவலர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, அங்கேயே நின்றுகொண்டார்.

மூன்றாம் முறை கேட்டபோது படம் உறைந்துவிட்டது. குரல் மட்டும் வந்தது. மெல்லிய குரல், நடுவில் ஒரு இடத்தில் உடைந்து, பிறகு சேர்ந்துகொண்டது. கிழவிகள் குலவையிட்டார்கள். ஃபர்ஹாத் போனைப் பார்த்துப் பலமுறை தலையாட்டினார், அவள் பார்க்க முடியாது என்பதை மறந்துவிட்டார். கயல் அவரைக் கேட்டாள், என்ன சொன்னாள் என்று.

"என் தந்தையின் அனுமதியோடு, சம்மதம்," என்றார். கேசரி இருந்த காகிதத் தட்டு கையில் மடங்கியது. சிராஜ் அதை மெதுவாக வாங்கி வைத்துவிட்டு, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

7

வீட்டுக்குத் திரும்பும்போது கயல்தான் காரை ஓட்டினாள். வழக்கமாகப் பாட்டு போடுவாள், போடவில்லை. அண்டா பின்னால் உருண்டு சத்தம் போட்டுக்கொண்டே வந்தது. சிக்னலில் நின்றபோது ஜாக்கி விஷயத்தை அவளிடம் சொன்னேன். முழுவதும் சொன்னேன், கேமராவையும், ஃபர்ஹாத் அவளைப் பற்றிச் சொன்னதையும் சேர்த்து. விளக்கு பச்சையாகி, பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடிக்கும்வரை அவள் வண்டியை எடுக்கவில்லை.

"அவர் அத எடுத்திருந்தா இப்ப கல்யாணத்துல இருந்திருப்பார்," என்றாள் கொஞ்ச தூரம் போனபிறகு.

"ஆமாம்மா."

"எடுத்திருந்தா எங்கிட்ட சொல்லியிருப்பீங்களா?"

"சொல்லியிருப்பேன். உன்கிட்ட நான் எதை மறைச்சிருக்கேன்?"

அவள் எங்கள் கட்டடத்துக்கு முன்னால் நிறுத்தி, எஞ்சினை அணைத்தாள். ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமல் நேராகப் பார்த்துக்கொண்டு, ஒரு ஆங்கில வார்த்தைகூடக் கலக்காமல் சொன்னாள்.

"நீங்க சொல்லியிருந்தா, மறுநாள் வேலைக்குப் போய் உங்களைப் பத்தி எழுதிக் குடுத்திருப்பேனா, மறைச்சிருப்பேனான்னு எனக்குத் தெரியலப்பா."

எனக்கும் தெரியவில்லை. இப்படி ஒரு கேள்வி வரும் என்பது ஃபர்ஹாத்துக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.